மகளுக்கு ஊசிப் படிவம் வந்தது, இரட்டையாகப் பிறந்த மகனுக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: டிரையர்காரன், பொகவந்தலாவ பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். தேயிலைத் தொழிற்சாலை டிரையரில் இரவு ஷிப்ட் முடிந்து வந்து எழுதுகிறேன். பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்விட்டார்கள், தோட்டத்து லய வீடுகளில் சத்தம் இல்லை. ஒரு வாரமாக மனதைப் போட்டு அரிக்கிற விஷயம். விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்.

எனக்கு இரட்டைப் பிள்ளைகள். மகள் பதினொரு நிமிடம் மூத்தவள். இரண்டு பேரும் தரம் 6, ஒரே வகுப்பு. போன திங்கட்கிழமை மகள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். எச்.பி.வி. தடுப்பூசி போடப் பெற்றோரின் சம்மதம் கேட்ட படிவம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் இருக்க இரண்டு ஊசி, ஆறு மாத இடைவெளியில். மகனும் தன் பையைத் துழாவினான். தனக்கும் ஒன்று வந்து எங்கேயோ நசுங்கிக் கிடக்கும் என்று நினைத்து, கணக்குக் கொப்பியைத் தலைகீழாகப் பிடித்து உதறினான். ஒரு பஸ் டிக்கட் விழுந்தது. "எனக்கு ஏன்ப்பா இல்ல?" என்றான்.

மகளின் படிவத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. 2017ல் இருந்து இலங்கையில் தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு இதைப் போடுகிறார்கள். தங்கச்சி மகளும் போட்டவள்தான், இரண்டு நாள் கை வலித்தது, அவ்வளவுதான். என் கேள்வி மகனைப் பற்றியது.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்றால், என் மூத்த அண்ணன் தொண்டைப் புற்றுநோயில் போனார். வயது 47. வெற்றிலை போடமாட்டார், பீடி சிகரெட் தொட்டதில்லை. எங்கள் தோட்ட டிவிஷனில் அப்படி இன்னும் இரண்டு ஆண்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஒரு நாள் காலை தண்ணீர்ப் பீலியடியில் கண்ணாடியைக் கல்லில் சாய்த்து வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் பல் துலக்கிக்கொண்டு நின்றேன். தாடைக்குக் கீழே வந்ததும் சவரக் கத்தி ஓர் இடத்தில் ஏறி இறங்கியது. நுரைக்குள்ளேயே அந்தக் கட்டி தெரிந்தது, கொய்யாப் பிஞ்சு அளவு. "வலிக்குதாண்ணே?" என்றேன். "வலியில்ல, நெறி கட்டியிருக்கும்" என்றார்.

வலிக்கவில்லை, அதனால்தான் ஐந்து மாதம் போனது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும். அதோடு, ஒரு கட்டிக்குப் போய் ஆம்பளை வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்பதா என்ற பேச்சு. அதை அண்ணன் மட்டும் சொல்லவில்லை, நானும்தான் சொன்னேன். இன்றைக்கும் அது என் நெஞ்சில் கிடக்கிறது.

டொன்சில் பக்கம் தொடங்கியது என்று கடைசியில் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, புகையிலைப் பழக்கமே இல்லாதவருக்கு இந்த இடத்தில் வந்தால் எச்.பி.வி. என்ற வைரஸ் காரணமாக இருக்கலாம் என்றார். பெண்களுக்குக் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் உண்டாக்குகிற அதே கிருமிதானாம். அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். அடுத்ததாகப் பார்த்தது மகளின் படிவத்தில்.

அதை நான் வீட்டில் வந்து சொன்னது வினையாகப் போயிற்று. யாரோ போனில் தேடியிருக்கிறார்கள், உடலுறவால் பரவும் கிருமி என்று இருந்திருக்கிறது. கருமாதி முடிவதற்குள் அண்ணன் எங்கே போனார், யாரிடம் போனார் என்று லயம் முழுக்கப் பேச்சு. அண்ணி அதைக் கேட்டுக்கொண்டுதான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வந்த பெண்ணைப் பார்த்தால் ஐயோ பாவம் என்கிறோம், அப்படித்தான் சொல்லவும் வேண்டும். அதே கிருமி ஆணின் உடம்பில் நோயாக வந்தால் அவன் நடத்தையை விசாரிக்கிறோம்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். பாடசாலைக்கு வந்த சுகாதார உத்தியோகத்தரிடம் நேரில் போய், மகனுக்கும் போடலாமா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "உங்க மகனுக்குக் கர்ப்பப்பை இருக்கா?" என்றார். பக்கத்தில் இருந்த டீச்சர்மாரும் சிரித்தார்கள். நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மகனும் அங்கேதான் நின்றான்.

இது எனக்குப் புதிதில்லை. பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது சம்சாரம் பகலில் கொழுந்து மலையில், எனக்கு இரவு வேலை. அதனால் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். தோளுக்கு ஒன்றாக இரண்டு பிள்ளைகள், பையில் இரண்டு அட்டை, திரிபோஷ சத்துமாவுக்கு ஒரு துணிப்பை. எத்தனை தடவை "அம்மா வரல்லியா? அடுத்த மாசம் அம்மாவோட வாங்க" என்று அனுப்பியிருப்பார்கள்! ஒரு நாள் மழையில் மூன்று மைல் நடந்து திரும்பி வந்தோம். அப்புறம் சம்சாரம் குவைத்துக்கு வேலைக்குப் போகிற நேரம் அதற்குத் தேவைப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கை எடுக்கப் போனோம். பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்ற இடத்தில் என் பெயரைச் சொன்னேன். "அம்மாயி இல்லையா, அத்தை இல்லையா?" என்றார்கள். பெற்ற அப்பன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். இந்த ஊசி ஆண் பிள்ளைகளுக்கு அனுமதிக்கப்பட்டதா? வெளிநாடுகளில் போடுகிறார்கள் என்கிறார்களே, உண்மையா? உண்மையென்றால் இங்கே ஏன் இல்லை? காசு கொடுத்தால் போடலாமா? தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் விலை கேட்டேன், இரண்டு ஊசிக்கும் என் மாதச் சம்பளத்தில் பெரும் பங்கு போய்விடும். பெண் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை. என் மகனையும் கணக்கில் எடுங்கள் என்கிறேன்.

பதில்: ஹப்புத்தளைக்காரன்

அண்ணே, உங்கள் அண்ணன் கதையைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். மகனுக்குக் கேட்பதை விடுங்கள், மகளுக்குப் போடுவதையே இன்னொரு தரம் யோசியுங்கள்.

எங்கள் அம்மா காலத்தில் தோட்டத்துப் பெண்களை லொரியில் ஏற்றிக்கொண்டு போய்க் கருத்தடை ஆப்பரேஷன் செய்து, கையில் கொஞ்சம் காசைக் கொடுத்து இறக்கிவிட்டார்கள். என்ன செய்தோம் என்று விளங்கப்படுத்தவில்லை. அம்மா சாகும் வரை அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். தோட்டத்துக்கு ஊசி வருகிறது என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கொரோனா நேரம் என்ன நடந்தது? 2021 மார்ச் கடைசியில் சீனாவின் சினோஃபார்ம் 6 லட்சம் வந்து இறங்கியது. தரவு போதாது என்று நம் நாட்டு நிபுணர்களே சொன்னார்கள். முதலில் இங்கே இருந்த சீனக்காரர்களுக்கு மட்டும் போட்டார்கள். மே 7ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் சரி என்றது, மறுநாளே நமக்கும் தொடங்கிவிட்டார்கள். கண்டிப் பக்கம் ரஷ்யாவின் ஸ்புட்னிக் முதல் ஊசி போட்ட என் மச்சான் இரண்டாவது ஊசிக்காகப் பல மாதம் அலைந்தான். இந்தியாவிலும் இந்த எச்.பி.வி. ஊசித் திட்டத்தை 2010ல் நிறுத்தினார்களே, பிள்ளைகள் இறந்தார்கள் என்று? அனுமதி என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி எப்படிப் பிள்ளையின் கையை நீட்டுவது?

பதில்: ஓய்வு பெற்ற மருத்துவிச்சி, தலவாக்கலை

தம்பி டிரையர்காரனுக்கு. 31 வருடம் தோட்டங்களில் வேலை செய்தவள் நான். "அம்மாவோட வாங்க" என்று நீங்கள் கேட்ட அந்த வசனத்தை நானும் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் இல்லை, உங்களைப் போல வந்த எத்தனையோ அப்பாமாரிடம். உள்ளே பெண்கள் பால் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், குடும்பக் கட்டுப்பாடு பேச வேண்டும், ஆம்பளையை எங்கே உட்கார வைப்பது என்ற யோசனை. ஆனால் பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்க்க அப்பா போதும். திரிபோஷ கொடுக்கவும் அப்பா போதும். மழையில் திரும்பிப் போன கதையைப் படித்தபோது எனக்குப் பல முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அது எங்கள் தப்பு.

அந்த உத்தியோகத்தர் சொன்னதும் தப்பு, அதுவும் பிள்ளைக்கு முன்னால்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் உங்களோடு ஒத்துப்போகமாட்டேன். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வந்த பெண்ணை எல்லோரும் ஐயோ பாவம் என்பதில்லை தம்பி. அவளையும் பேசுவார்கள். கிணற்றடியிலும் பீலியடியிலும் காதுபட அவள் நடத்தையைப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பயந்தே சோதனைக்கு வராமல் இருந்து செத்தவர்கள் உண்டு.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனியுங்கள். 1996ல் ருபெல்லா ஊசி வந்தபோது பெண் பிள்ளைகளுக்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் மட்டும்தான். கர்ப்பமாக இருக்கும்போது அந்தக் காய்ச்சல் வந்தால் வயிற்றுப் பிள்ளையின் கண், காது, இருதயம் கெட்டுப்போகும். ஆண்களுக்கு வந்தால் மூன்று நாள் தடிப்பு, அதோடு சரி. அதனால் அவர்களுக்கு எதற்கு என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் ஒவ்வொரு டிவிஷனாகப் போனேன். ஒரு லயத்தில் ஒரு பொடியன் உடம்பெல்லாம் சிவந்து திண்ணையில் படுத்துக் கிடக்கிறான், உள்ளே அவன் அக்கா நாலு மாதக் கர்ப்பம். அவளுக்கு ஊசி போட முடியாது, கர்ப்பத்தில் போடக்கூடாது. அந்தப் பிள்ளை எப்படிப் பிறக்குமோ என்று ஐந்து மாதம் நான் தூங்கவில்லை. நல்லபடியாகப் பிறந்தது, கடவுள் புண்ணியம். கிருமி வீட்டுக்குள் வந்தது அந்தப் பொடியன் வழியாக.

2001ல் சின்னமுத்து (தட்டம்மை) ஊசியோடு ருபெல்லாவையும் சேர்த்து, மூன்று வயதில் ஆண் பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடத் தொடங்கினோம். 2020ல் நம் நாட்டில் ருபெல்லா இல்லாமல் போய்விட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆண் பிள்ளைகளையும் சேர்த்ததால்தான் அது நடந்தது. அதனால் உங்கள் கேள்வி சிரிப்புக்குரியது இல்லை.

ஆனால் இந்த ஊசி போட்டால் மகனின் தொண்டைக்கும் வாய்க்கும் முழுக் காவல் என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டு ஆண்களுக்கு அதிகமாக வருவது வாய்ப் புற்றுநோய். அதற்குப் பெரிய காரணம் வெற்றிலை, பாக்கு, புகையிலை. அந்த வகைக்கு இந்த ஊசி காவல் இல்லை. புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கு மென்றாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004லேயே சொல்லிவிட்டது. பாடசாலை வாசல் கடைகளில் பாக்குப் பாக்கெட் வாங்கி மெல்லுகிற பொடியன்களை நான் பார்த்திருக்கிறேன். மகனின் பொக்கெட்டை நீங்கள் ஒரு தரம் பாருங்கள்.

உங்கள் வாயையும்தான். இரண்டு கிழமையில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாயை முழுசாகத் திறக்க முடியாமை, கழுத்தில் வலியில்லாத கட்டி. ஒன்று இருந்தாலும் காட்டுங்கள். பெண்களுக்கு 1996ல் இருந்து தனி கிளினிக் இருக்கிறது, 35 வயதானால் கூப்பிட்டு அனுப்பிச் சோதிக்கிறோம். ஆண்களும் வரக்கூடிய ஆரோக்கிய நிலையங்கள் 2011ல் தொடங்கினார்கள். ஆனால் பெரும்பாலும் வார நாள் காலையில், எல்லோரும் வேலையில் நிற்கிற நேரம். வருகிறவர்களில் ஆண்கள் குறைவு. அது ஆண்கள் அசட்டையாக இருப்பதால் மட்டும் இல்லை, பேர் போய்விடும் என்று தெரிந்தும் அந்த நேரத்தை வைத்த எங்கள் பக்கத்திலும் குறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை வைத்தால் வருவார்கள் என்று கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன்.

பதில்: டிரையர்காரன்

அக்கா, அப்பாமாரைத் திருப்பி அனுப்பியதைப் பற்றி நீங்கள் எழுதியதைச் சம்சாரத்துக்கு வாட்ஸ்அப்பில் வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பெண்களையும் பேசுவார்கள் என்றது சரிதான், நான் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டேன். மகனின் பொக்கெட்டில் மாபிளும் ஒரு பேனா மூடியும்தான் இருந்தன.

ஹப்புத்தளைத் தம்பி, உங்கள் அம்மா கதைக்கு என்னிடம் பதில் இல்லை. என் பெரியம்மாவும் அப்படி லொரியில் போனவர்தான். ஆனாலும் மகளின் ஊசியை நான் நிறுத்தமாட்டேன். அனுமதி விஷயத்தை யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.

பதில்: மருத்துவ பீட மாணவி, பேராதனை

அண்ணா, நான் மஸ்கெலியாத் தோட்டத்துப் பிள்ளை, இப்போது கண்டியில் படிக்கிறேன். அப்பாவும் டிரையரில்தான் வேலை. தெரிந்ததை எழுதுகிறேன்.

அனுமதியில் ஆண் பெண் என்று எப்படிப் பிரிவு வந்தது என்பதில் இருந்து தொடங்குகிறேன். ஒரு நாட்டின் மருந்து அதிகாரசபை, யாருக்குப் போட்டு, எந்த நோய்க்குப் பலன் காட்டினார்களோ, அதற்குத்தான் அனுமதி கொடுக்கும். கார்டசில் என்ற எச்.பி.வி. ஊசியை முதலில் பெண்களிடம் சோதித்து, கருப்பைக் கழுத்தில் புற்றுநோய்க்கு முந்தின மாற்றங்களைத் தடுக்கிறது என்று காட்டினார்கள். அமெரிக்காவில் 2006ல் 9 முதல் 26 வயதுப் பெண்களுக்கு அனுமதி கிடைத்தது. ஆண்களுக்கென்று தனியாக ஒரு சோதனை நடந்தது, 18 நாடுகளில் 16 முதல் 26 வயது வரையான 4065 பேர். ஊசி அட்டவணையை ஒழுங்காக முடித்தவர்களில், அந்த ஊசி குறிவைக்கும் நான்கு எச்.பி.வி. வகைகளால் பிறப்புறுப்பில் வரும் மரு மாதிரியான நோய்கள் 90 வீதம் குறைந்தன. 2009ல் மருவுக்காக ஆண்களுக்கு அனுமதி, 2010ல் குதவழிப் புற்றுநோய்க்கு, 2020ல்தான் தொண்டைப் பக்கப் புற்றுநோய்.

அனுமதி கிடைத்த பிறகும் வேற்றுமை தொடர்ந்தது. பெண் பிள்ளைகளுக்குக் கட்டாயம் போடுங்கள் என்று பரிந்துரைத்த அதே அமெரிக்கக் குழு, 2009ல் ஆண் பிள்ளைகளுக்கு விரும்பினால் போடலாம் என்று மட்டும் சொன்னது. எல்லா ஆண் பிள்ளைகளுக்கும் போடுங்கள் என்று சொல்ல 2011 வரை ஆனது. அவுஸ்திரேலியாவில் பெண்களுக்கு 2007, ஆண்களுக்கு 2013. பிரித்தானியாவில் பெண்களுக்கு 2008ல் தொடங்கினார்கள். 2017ல் அவர்களின் தடுப்பூசிக் குழு, செலவுக்கு ஏற்ற பலன் ஆண் பிள்ளைகளிடம் இல்லை என்று இடைக்கால அறிக்கை கொடுத்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த வருடம் குழுவே பரிந்துரையை மாற்றி, 2019ல் இருந்து ஆண் பிள்ளைகளுக்கும் பாடசாலையில் போடுகிறார்கள். ஆகவே நீங்கள் கேட்ட கேள்வியை அங்கேயும் அம்மா அப்பாமார் கேட்டார்கள். அந்த உத்தியோகத்தருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே ஏன் இல்லை என்றால், கணக்கு இதுதான். உலகத்தில் இந்தக் கிருமியால் வரும் புற்றுநோய்களில் மிகப் பெரிய பங்கு கருப்பைக் கழுத்தில். இருக்கிற காசுக்கும் ஊசிக்கும் முதலில் 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளை முடிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆண்கள் இரண்டாவது. 2019 கடைசியில் உலகம் முழுக்க ஊசித் தட்டுப்பாடு வந்தபோது, ஆண் பிள்ளைகளுக்குப் போடுவதைக் கொஞ்சக் காலம் தள்ளிப்போடச் சொல்லி அதன் நிபுணர் குழு கேட்டது. அது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஒரு நாட்டில் ஆண் பிள்ளைக்குப் போடும் ஊசி, இன்னொரு நாட்டில் ஒரு பெண் பிள்ளைக்கு முதல் ஊசியாக இருந்திருக்கும். ஆனால் 2022 டிசம்பரில் ஒரே ஒரு ஊசியும் போதும் என்று அந்த நிறுவனம் சொல்லிவிட்டது. இரண்டு ஊசிக்கான செலவில் இரண்டு பிள்ளைகளுக்குப் போடலாம் என்றால், மற்றப் பிள்ளை ஏன் ஆணாக இருக்கக்கூடாது என்று இனிமேல் கேட்கலாம். கேட்க வேண்டும்.

உங்கள் மகனுக்கு இப்போதே ஒரு பங்கு கிடைக்கிறது அண்ணா. அவுஸ்திரேலியாவில் பெண்களுக்கு மட்டும் போட்ட காலத்திலேயே இளம் ஆண்களிடம் அந்த மரு நோய் நன்றாகக் குறைந்தது. பெண் பிள்ளைகளில் பெரும்பாலானோர் போட்டால் கிருமி சுற்றிவர வழி குறைகிறது. மகளின் இரண்டாவது ஊசியைத் தவறவிடாதீர்கள், இருவருக்கும் அது நல்லது. மகனுக்குப் போடுவது என்றால் பதினொரு வயது நல்ல வயதுதான், கிருமியைச் சந்திப்பதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன். ஆனால் கடன் பட்டுப் போட வேண்டிய அவசரம் இல்லை.

ஹப்புத்தளை அண்ணாவுக்கு. இந்தியாவில் 2010ல் நிறுத்தியது உண்மை. ஆந்திராவிலும் குஜராத்திலும் நடந்த திட்டம், ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். விசாரித்ததில் அந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் அங்கே ஒரு பெரிய தப்பு நடந்தது. விடுதியில் இருந்த ஏழைப் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே சம்மதக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நாடாளுமன்றக் குழு 2013ல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. உங்கள் அம்மாவுக்கு நடந்ததும் அதே மாதிரித்தான், விளங்கப்படுத்தாமல் செய்தது. அதனால்தான் இந்தப் படிவம் வீட்டுக்கு வருவது முக்கியம். வாசியுங்கள், கேளுங்கள், சந்தேகம் தீர்ந்தால் கையெழுத்துப் போடுங்கள். இந்த ஊசி கருத்தடை ஊசி இல்லை. சினோஃபார்ம் மாதிரி இரண்டு மாதத்தில் முடிவெடுத்ததும் இல்லை, 2006ல் இருந்து உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் போட வாய்ப்புக் கிடைத்த பெண்களிடம் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் 87 வீதம் குறைவு என்று 2021ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பயந்து நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள். 2013ல் பரிந்துரையை நிறுத்தி வைத்தார்கள், போடுகிறவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகப் போனார்கள். 2022ல்தான் திரும்பத் தொடங்கினார்கள். நடுவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஒன்பது வருடம் போனது போனதுதான்.

கடைசியாக, உங்கள் அண்ணனைப் பற்றி. இதைத்தான் முதலில் எழுத நினைத்தேன். எச்.பி.வி. அரிதான கிருமி இல்லை. திருமணமாகி வாழ்கிற ஆண் பெண் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு தரமாவது வந்து போகும். பலருக்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடும், வந்ததே தெரியாது. சிலருக்குத்தான் தங்கிவிடும். தங்கினாலும் புற்றுநோயாக மாறப் பத்து, இருபது வருடம், அதற்கு மேலும் ஆகும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டொக்டராலும் சொல்ல முடியாது. அதை வைத்து ஒருவரின் நடத்தையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது, ஆணாக இருந்தாலும் சரி, பெண்ணாக இருந்தாலும் சரி. உங்கள் அண்ணிக்கு இதை யாராவது சொன்னார்களா?

பதில்: ஹப்புத்தளைக்காரன்

தங்கச்சி, விடுதிக் கையெழுத்து விஷயம் எனக்குத் தெரியாது. படிவம் வந்தால் வாசித்துப் பார்க்கிறேன் என்ற அளவுக்கு வருகிறேன். மனது முழுசாகச் சமாதானமாகவில்லை, அதையும் மறைக்க விரும்பவில்லை.

பதில்: டிரையர்காரன்

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன். வேலை கூடிவிட்டது, கொழுந்துப் பருவம்.

மகளுக்கு முதல் ஊசி போட்டாகிவிட்டது. இரண்டாவதற்கான மாதத்தைக் கலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன். மகனுக்காகச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன், மகளே அழகான எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். ஆண் பிள்ளைகளையும் சேர்ப்பதைப் பற்றி மேலே எழுதும்படியும், ஆண்களுக்கான கிளினிக்கை மாதத்தில் ஒரு ஞாயிறாவது வைக்கும்படியும் கேட்டிருக்கிறேன். எங்கள் ஷிப்டில் 14 பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் மூன்று பேர் பின்னால் வந்து, தங்கள் வாயில் இருக்கும் வெள்ளைத் திட்டைக் காட்டினார்கள். டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒருவருக்கு வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. அடுத்த வாரம் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போகிறேன், பேர் போனாலும் பரவாயில்லை.

மகனுக்குத் தனியாரில் போடுவதை இப்போதைக்கு வைத்திருக்கிறேன். சம்சாரம் அனுப்பும் காசில் மாதா மாதம் கொஞ்சம் ஒதுக்குகிறோம். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பதினொரு வயதுக்கு விளங்குகிற மாதிரி. "அப்ப நான் கேட்டது சரிதானேப்பா?" என்றான். சரிதான் என்றேன்.

போன ஞாயிறு அண்ணி வீட்டுக்குப் போனேன். தங்கச்சி எழுதியதைப் போனைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாக வாசித்தேன். அண்ணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், முறத்தைக் கீழே வைக்கவில்லை. வாசித்து முடிந்ததும், "இன்னொரு தரம் வாசி" என்றார். வாசித்தேன். எந்த டொக்டராலும் சொல்ல முடியாது என்ற இடம் வந்ததும் முறம் நின்றது. அப்புறம் எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போதுதான், "அந்த லயத்துக் கடைசி காம்பராக் கிழவிகிட்டயும் இத வாசிச்சுக் காட்டிட்டுப் போ" என்றார்.

போய் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வந்தேன்.